இரண்டு விமானங்களுக்கு நடுவே மாமல்லபுரம்

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்பவர்களுக்குப் பூலோகம் என்பது கண்ணில் படாத வஸ்துவாகிவிட்டது. ஓர் ஊரில் மேகத்துக்கு மேலே ஏறுகிறார்கள். வேறொரு தேசத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நடுவழியில் விமானம் மாற நேர்ந்தால், அந்த ஊரைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வதெல்லாம் அங்கே காப்பி என்ன விலை என்பது மட்டுந்தான். 1932-ஆம் வருஷத்தில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு முதன்முதல் தபால் விமானம் வந்தபோது, அது அகமதாபாத்திலும் பல்லாரியிலும் இறங்கி இளைப்பாறி வரவேண்டியிருந்தது. இப்போதோ விமானத்துக்கு இளைப்பாறும் அவசியம் இல்லை. இளைப்பாற வேண்டிய பிரயாணி, மீனம்பாக்கத்து நாற்காலியில் சாய்ந்து தூங்கி விழுந்துகொண்டிருக்கிறான்.

அவ்வாறு தூங்கி விழ இருந்த ஒருவரைத் தடுத்தாட்கொள்ளும் பாக்கியம் சமீபத்தில் நமக்குக் கிடைத்தது. அவர் மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய பாட்டனார் பால்மரம் வெட்டுவதற்காகக் கப்பல் ஏறியவர். அந்தப் பாட்டனார் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு பழைய காகிதம். அதில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்பது இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே கிராமத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மடிப்பு விழுந்து, மை கரைந்து, ஒரு பழுப்புக் கறை மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

நண்பர் காலை 8 மணிக்கு வந்து இறங்கினார். மேற்கே போகும் விமானம் இரவு 8 மணிக்கு. "பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது, அண்ணே!" என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டினார். காஞ்சிபுரம், மகாபலிபுரம், செஞ்சி, முடிந்தால் புதுச்சேரி என்று அதில் எழுதியிருந்தது. நாம் அதை மரியாதையாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டோம்.

கணக்கு இதுதான். அதிகாரிகளின் வரிசையைக் கடந்து அவர் வெளியே வந்தபோது மணி 9.30. மறுபடியும் மாலை 5 மணிக்குள் திரும்பியாக வேண்டும். எஞ்சியது ஏழரை மணி. அதிலும் பாதி சாலைக்குப் போய்விடும். இதற்கெல்லாம் முன்னதாக, வெளிநாட்டவர் கூடத்தை விட்டு வெளியே வர விசா வேண்டும். பாட்டன் பிறந்த மண்ணை மிதிக்கப் பேரனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருப்பது விந்தைதான். ஆனால் ராஜாங்கங்களின் சட்டப் புத்தகத்தில் பாட்டன் பேரன் உறவுக்கு இடமில்லை. நண்பர் முன்கூட்டியே அதைப் பெற்றிருந்தார். மறந்து வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பரங்கிமலையைத் தரிசித்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

மீனம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு நேர்வழி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். செங்கல்பட்டைச் சுற்றிப் போனால் இன்னும் 20 கிலோமீட்டர் கூடும். பாட்டனாரின் ஜில்லாவைப் பார்க்காமல் போவதாவது என்று சுற்றுவழியையே பிடித்தோம்.

அந்த ஜில்லாவும் சிறிது காலம் பெயரை இழந்திருந்ததுதான். 1997-ல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019-ல்தான் செங்கல்பட்டு மீண்டும் தனி ஜில்லா ஆயிற்று. "நல்ல வேளை! இல்லாவிட்டால் காகிதத்தில் மிச்சமிருந்த ஒரு வார்த்தையும் வீணாகியிருக்கும்" என்றார் நண்பர். கொளவாய் ஏரியில் தண்ணீர் அலையடித்தது. 1752-ல் கிளைவ் கைப்பற்றிய கோட்டையின் ஊடே இன்று ரயில் ஓடுகிறது. இரண்டையும் வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு போனோம்.

நாம் இறங்கிய இடம் வல்லம். செங்கல்பட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரம் என்று சொல்லிவிடலாம். அங்கே ஒரு சிறு குன்றைக் குடைந்து மகேந்திர பல்லவன் காலத்தில் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். கும்பல் இல்லை, கடை இல்லை. ஆனால் தூணில் தமிழ் இருக்கிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மன்னனின் விருதுப் பெயர்களை அடுக்கிவிட்டு, அவனுக்கு அடியவனான வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் இக்கோயிலைச் செய்வித்தான் என்று அந்தச் சாசனம் கூறுகிறது. வயந்தப்பிரி அரைசரும் கந்தசேனனும் சரித்திரத்தில் வேறெதுவும் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஏறக்குறைய 1400 வருஷமாக அங்கே அழியாமல் இருக்கின்றன.

நண்பர் தமது காகிதத்தை எடுத்து, அந்தப் பழுப்புக் கறையை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். நாம் ஒன்றும் பேசவில்லை.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது உச்சிவேளை நெருங்கிவிட்டது. 500-க்கு மேற்பட்ட படிகள் ஏறி வேதகிரீசுவரரைத் தரிசிக்க நேரமில்லை, கீழிருந்தே கும்பிட்டோம். முன்னாளில் இந்த நேரத்தில் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்து அர்ச்சகர் கையால் அன்னம் பெற்றுப் போகும். அவை காசியிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் இங்கே இறங்குவதாக ஐதீகம். அப்படியானால், இரண்டு பிரயாணங்களுக்கு நடுவே செங்கல்பட்டு ஜில்லாவில் இறங்கிச் சிரமபரிகாரம் செய்துகொண்ட முதல் ஆகாயப் பிரயாணிகள் அவைதாம்! 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை. அதே காலத்தில் தேசமெங்கும் கழுகினங்கள் மடிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, மாடு செத்த பின்னும் உடலில் தங்கி, அதைத் தின்ற பறவையைக் கொன்றது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். 2006-ல் நமது சர்க்கார் அந்த மருந்தை மாடுகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை செய்தது.

மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன் பூஞ்சேரி. பஸ்ஸில் வரும் யாத்ரிகர்கள் இங்கே தலையைத் திருப்பியும் பார்ப்பதில்லை. நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறையில் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் மன்னர்கள் அல்ல. கல்லைச் செதுக்கிய சிற்பிகள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். அவற்றுள் ஒரு பெயர் 'கேவாத பெருந்தச்சன்'. உளி பிடித்த கை தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்கவேண்டும். நண்பர் வெயிலில் உட்கார்ந்து அந்த எழுத்துக்களின்மேல் விரலை ஓட்டினார். பத்து நிமிஷத்துக்கு இறங்கிய இடத்தில் அரை மணி போயிற்று.

பிறகு, உலகமெல்லாம் பார்க்க வரும் அந்தப் பாறை. இதற்குக் கட்டணம் கிடையாது; தெருவில் நின்றபடியே பார்க்கலாம். 90 அடிக்கு மேல் நீளம். நடுவில் இயற்கையாக அமைந்த பிளவு. அதில் நாகர்கள் நீந்தி மேலேறுகிறார்கள். ஒரு பக்கத்தில் நிஜ யானைகளின் அளவில் யானைகள். மேலே எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கும் தபஸ்வி. அது அர்ச்சுனன் தபஸா, பகீரதன் தபஸா என்று பண்டிதர்கள் இன்னும் சர்ச்சை செய்துகொண்டிருக்கிறார்கள். "இரண்டுமாக இருக்கட்டுமே" என்று நண்பர் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார்.

யானையின் அடியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் புண்ணியத்தை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. எங்கிருந்தோ வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி, "இது போலிச் சாமியார்!" என்று தன் தோழியிடம் சொன்னாள். எத்தனையோ பெரிய புத்தகங்களில் இந்தச் சிற்பத்துக்கு எழுதிய வியாக்கியானங்களைவிட இது நமக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு மான் பின்னங்குளம்பால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. கங்கையே இறங்கி வந்தாலும் மூக்கு அரித்தால் சொறியத்தானே வேண்டும்? அந்த மானின் எதிரே மட்டும் கால் மணி நேரம் நின்றோம்.

'சிவகாமியின் சபதம்' வாசித்தவர்களுக்கு மகேந்திரனும் மாமல்லனும் இங்கே நடமாடுவதாகவே தோன்றும். கல்கி அவர்கள் 1944-ல் அதைத் தொடராக எழுதத் தொடங்கினார். ஆனால் 1962-ல் அறிஞர் இரா. நாகசாமி, இவையெல்லாம் ராஜசிம்ம பல்லவன் காலத்தவை என்று வாதித்தார். அந்த வழக்கும் முடிந்தபாடில்லை. நாம் கல்கியின் கட்சி. அது ஆராய்ச்சியால் அல்ல, பழக்கத்தால் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ரதங்களுக்குப் பஞ்ச பாண்டவர் பெயர் வழங்குகிறதே தவிர, அவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பன்மடங்கு. நண்பர் முகம் சுளிக்காமல் கொடுத்தார். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்கள் மெருகோடு விளங்க, அடித்தளம் அரைகுறையாக நிற்கிறது. சிகரத்தில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். எங்கேயோ ஒரு நாள் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதி பார்த்துவிட்டுப் போகிற பிரயாணி இந்த ஊரில் வெட்கப்பட வேண்டியதில்லை.

மணி 2.30. கடற்கரைக் கோயில் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் போகும் வழியில் சிற்பக் கடைகள். 1957-ல் இங்கே ஏற்பட்ட சிற்பக் கல்லூரியின் பயனாகவும், பரம்பரைத் தொழிலாகவும் உளிச் சத்தம் இன்றும் இந்த ஊரில் ஓயவில்லை. ஒரு கடையின் முன்னால் நண்பர் நின்றுவிட்டார். உள்ளங்கை அகலமுள்ள மாக்கல் துண்டு ஒன்றை எடுத்து, "இதில் ஒரு பெயர் வெட்டித் தர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

"அரை மணி ஆகும், ஐயா."

அந்த அரை மணியில் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாமே என்று நாம் சொன்னோம். அவர் நகரவில்லை. சிற்பியின் எதிரில் குந்தி உட்கார்ந்து, பாட்டனாரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். றன்னகரமா, டண்ணகரமா என்று சிற்பி கேட்டதற்கு நண்பர் விழித்தார். அவர் தகப்பனார் அந்தப் பெயரைச் சொல்லக் கேட்டிருக்கிறாரே தவிர, தமிழில் எழுதிப் பார்த்ததில்லை. கடைசியில் சிற்பியே இரண்டு விதமாகவும் உச்சரித்துக் காட்டி முடிவு செய்தார்.

கடற்கரைக் கோயிலை மணலில் நின்று வேலிக்கு வெளியேதான் பார்த்தோம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்த பிறகு, அதற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மண்ணுக்குள் கிடந்த முருகன் கோயில் ஒன்றை 2005-ல் தோண்டியெடுத்த கதையைச் சொன்னோம். நண்பர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கை மட்டும் பையிலிருந்த கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

கடலோரச் சாலையில் திரும்பி, 5 மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மீனம்பாக்கம் சேர்ந்தோம். விமானம் ஏறுமுன் அவர் டெலிபோனில் கூப்பிட்டார். பெட்டிகளைச் சோதிக்கும் யந்திரத்தில் கல் தென்பட்டதாம். வடநாட்டு இளைஞரான காவலர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துப் புரியாமல், "இது என்ன?" என்று கேட்டாராம்.

"என் தாத்தா" என்று சொன்னாராம் நண்பர். காவலர் கல்லை இரண்டு கைகளாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாராம்.