ஏட்டில் ஏறாத சாட்சி

தானியேல் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நம் குடும்பங்கள் நன்கு அறியும். முதியோர் இருவர் கூறிய பொய்யை நம்பிச் சபை அவளுக்கு மரண தண்டனை விதித்தது. அவளைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்கையில் இளைஞரான தானியேல் குறுக்கிட்டார். சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ்க் கண்டீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டார். இருவரும் இரு வேறு மரங்களைச் சொல்லவே பொய் வெளிப்பட்டது, தீர்ப்பு மாறியது.

ஒரு மன்றம் அளித்த தீர்ப்பை மறுபடியும் ஆராய்வது நீதிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இக்காலத்தில் இதனை மேல்முறையீடு என்றும், பேச்சு வழக்கில் அப்பீல் என்றும் சொல்கிறோம். ஆனால் தானியேலுக்கும் இன்றைய மேல் மன்றத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதனை அறியாமல், "இங்கே தோற்றால் என்ன, மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணி ஏமாந்தவர்கள் நம் ஊர்களில் பலர்.

மேல் மன்றம் எதனைப் பார்க்கிறது?

வரப்புத் தகராறோ பாகப்பிரிவினையோ முதலில் முன்சீப் கோர்ட்டுக்குச் செல்கிறது என வைத்துக்கொள்வோம். தோற்றவர் செய்யும் முதல் மேல்முறையீட்டில், நடந்தது என்ன என்பதையும் சட்டம் சொல்வது என்ன என்பதையும் மேல் மன்றம் மறுபடி ஆராயலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் இரண்டாம் மேல்முறையீடு அவ்வாறன்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால்தான் அதனை ஏற்பார்கள். வரப்பு எங்கே இருந்தது என்பதை அங்கே புதிதாக வழக்காட இயலாது.

குற்ற வழக்கில், தண்டனை பெற்றவர் மேல்முறையிட்டால் சாட்சியங்கள் முழுவதையும் மேல் மன்றம் சீர்தூக்கிப் பார்க்கும். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையிடலாம். 2009-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆயினும் அதே சாட்சியத்திலிருந்து இரு முடிவுகள் நியாயமாகவே பிறக்கக்கூடுமாயின், விடுதலையை மேல் மன்றம் எளிதில் மாற்றாது.

வழக்கு எதுவாயினும் ஒன்று பொது. மேல் மன்றத்தில் சாட்சிக் கூண்டுக்கு வேலை மிகக் குறைவு. அருமையாகச் சில வேளைகளில் கூடுதல் சாட்சியத்துக்கு அனுமதி கிடைக்கலாம். மற்றபடி நீதிபதியின் முன் இருப்பது கட்டுக்கட்டான காகிதமே. சாட்சியின் கண்ணீரையும் நடுக்கத்தையும் முதல் நீதிபதி நேரில் கண்டார். மேலே இருப்பவர் எழுத்தை மட்டுமே காண்கிறார். தானியேல் சாட்சிகளை நேரில் கேட்டார். இன்றைய மேல் மன்றமோ ஏட்டைக் கேட்கிறது.

வெண்மணியின் இரு தீர்ப்புகள்

இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதற்கு நம் வயல்வெளியே சாட்சி. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் இரவு. அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளரின் சேரி தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசையில் ஒதுங்கிய 44 பேர் தீயில் கருகினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

1970-இல் நாகப்பட்டினத்தில் நடந்த செஷன்ஸ் விசாரணையின் முடிவில், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவராயிருந்த நிலக்கிழாருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வேறு சிலரும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் 1973-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. சாட்சியம் போதிய நம்பிக்கைக்கு உரியதன்று என்பது அதன் முடிவு. காரும் நிலமும் உடைய பெரிய மனிதர்கள் ஆட்களை ஏவாமல் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது அரிது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம் பெற்றது. இன்றளவும் பலர் வேதனையோடு சுட்டிக்காட்டும் பகுதி அதுவே.

ஐயத்தின் பயன் எதிரிக்குச் சேர வேண்டும் என்ற விதி நல்ல விதி. சூசன்னாவைக் காத்ததும் அவ்விதியே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் தராசின் இரு தட்டும் ஒரே எடையாய் இருத்தல் வேண்டும். இருட்டிலும் தீயிலும் ஓடிய ஏழையின் நினைவை வரிக்கு வரி சோதிப்பது சரியே. செல்வர் இப்படிச் செய்யமாட்டார் என்ற எண்ணத்தையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டாமா? எந்தச் சாட்சி கூறியது அது? ஏட்டிலே இல்லாத ஒன்று தீர்ப்பிலே புகுந்துவிடுவதும் உண்டு. நீதிபதிகளும் மனிதரே. இறுதித் தீர்ப்பு என்பது வழக்குக்கு முடிவு; உண்மைக்கு முடிவன்று.

நீருக்கும் ஏடு உண்டு

தனி மனிதர் வழக்கில் மட்டுமன்று, நாடறிந்த வழக்கிலும் இப்படியே. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்றது. மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையிட்டன. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அந்த அளவு 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., நம் டெல்டாவின் அடியில் உள்ள நிலத்தடி நீரைக் கணக்கிற் கொண்டதால் வந்தது, எஞ்சிய 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர், வீட்டுத் தேவைகளை முன்னிட்டு வந்தது. நீதிபதிகள் வாய்க்காலில் இறங்கிப் பார்க்கவில்லை. வழக்கின் ஏடுகளில் இருந்த கணக்கையே எடுத்தாண்டனர். ஏட்டில் ஏறிய ஓர் எண் பல ஆண்டுகளுக்குப் பின் நம் நாற்றங்காலைத் தொடுகிறது.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே நீதியின் வித்து முதல் மன்றத்திலேயே விதைக்கப்படுகிறது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது எட்டாம் கட்டளை. கண்டதைச் சொல்ல அஞ்சி, சம்மன் வந்ததும் ஊரை விட்டுப் போய்விடுபவர் அதனை மீறவில்லை என்று துணிந்து சொல்ல முடியுமா? அவர் சொல்லாது விட்ட ஒரு வரியை எந்த மேல் மன்றமும் படிக்கப்போவதில்லை.

தோற்றவர் நாளை எண்ண வேண்டும். பொதுவாக, மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு, உரிமை வழக்கில் 90 நாள். மரண தண்டனை அல்லாத குற்றத் தண்டனையில் 60 நாள். தீர்ப்பின் நகல் பெறுவதற்குச் செல்லும் காலம் இதிற் சேராது. ஆதலின் நகலுக்கு உடனே மனுச் செய்க. 2004-ஆம் ஆண்டு முதல் தஞ்சை மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குச் செல்கின்றனர். திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்கே செல்ல வேண்டும்.

பணமில்லை என்று சோர வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு வருமானம் பாராது இலவச வக்கீல் உதவி உண்டு. மேல்முறையீட்டுக்கும் அது பொருந்தும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுக. படித்த இளைஞர் ஒருவர் துணைக்குச் சென்று மனு எழுதிக் கொடுப்பதும் பிறரன்புப் பணியே.

மன்றம் தர இயலாததை மனிதர் தர முயன்ற கதையும் வெண்மணிக்கு உண்டு. அத்துயரம் கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜகந்நாதனும் நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் கிடைக்க உழைத்தனர். 1981-இல் தொடங்கிய அவர்களது லாப்டி இயக்கம், ஏழைப் பெண்களின் பெயரிலேயே பட்டா பெற்றுத் தந்தது.

வரும் கிறிஸ்து பிறப்பு இரவில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்புகையில், அந்த 44 பேருக்காகவும் ஒரு செபம் சொல்வோம். அடுத்த நாள் அயலாருக்காகச் சாட்சி சொல்ல அழைப்பு வருமாயின், மறுக்காது செல்வோம்.