செய்தியையும் செக்கிங் பண்ணணும்!



போன மாதம் தமிழ் டீச்சர் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, "பெரிசாகி என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். டாக்டர், நர்ஸ், போலீஸ், டீச்சர் என்று எல்லோரும் சொன்னார்கள். நான், "ஊடகவியல் படிக்கணுங்க டீச்சர்" என்றேன். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டி.வி.ல நியூஸ் வாசிக்கப் போறாளாமா!" என்றது. வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அது என்ன படிப்புன்னு நல்லா விசாரிச்சு நம்ம சுவர்ப் பத்திரிகைல எழுது" என்றார்கள். லைப்ரரி பீரியடில் படித்ததையும் ஆசிரியர்களிடம் கேட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஊடகம் என்றால் என்ன?

ஒருவர் சொல்வதைப் பலரிடம் கொண்டு சேர்ப்பது எதுவோ அதுதான் ஊடகம். அந்தக் காலத்தில் தண்டோரா போட்டார்கள். பிறகு செய்தித்தாள், ரேடியோ, சினிமா, டி.வி. வந்தன. இப்போது எல்லோர் கையிலும் செல்போன். நீங்கள் நின்றுகொண்டு படிக்கிறீர்களே, இந்தச் சார்ட் பேப்பர், இதுவும் ஊடகம்தான். கையெழுத்துதானே என்று குறைவாக நினைக்காதீர்கள். சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய 'முசல்மான்' என்ற உருது நாளிதழை, கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல வருடம் கையாலேயே எழுதி, அதைப் படம் பிடித்து அச்சடித்தார்கள்.

இதற்கு ஏன் ஒரு படிப்பு?

இதே கேள்வியை அந்தக் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் பத்திரிகை ஆபீசில் சேர்ந்து, பெரியவர்களைப் பார்த்துத்தான் தொழில் கற்றுக்கொள்வார்கள். 1908-ல் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார்கள். நம் நாட்டில் சுதந்திரத்துக்கு முன்பே, 1941-ல், லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வந்தது. 1965-ல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது.

இப்போது இந்தப் படிப்புக்குப் பல பெயர்கள் உண்டு. இதழியல், மக்கள் தொடர்பியல், காட்சித் தொடர்பியல், மின்னணு ஊடகம் என்பார்கள். காட்சித் தொடர்பியலைத்தான் அண்ணன்மார் 'விஸ்காம்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் படித்தால் பட்டம். பல கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். செய்தி எழுதுவது, போட்டோ எடுப்பது, குரல் பதிவு செய்வது, வீடியோவை வெட்டி ஒட்டுவது எல்லாம் சொல்லித் தருவார்கள். அதோடு ஊடகத்தின் வரலாறு, ஊடகச் சட்டம், ஊடக அறம் ஆகிய பாடங்களும் உண்டு. கேமரா பிடிப்பதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கடைசிப் பாடங்கள்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம பக்கத்தில் நடந்தது

2023 மார்ச் மாதம் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று செல்போனில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையிலேயே அதைப் பற்றிப் பெரிய கூச்சல் ஆனது.

நம் மாநிலத்தின் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். ஒரு வீடியோவில் இருந்தது, திருப்பூரில் பீகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாகப் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அந்த வீடியோக்கள் சொன்னது உண்மை இல்லை என்று அவர்களும் தெரிந்துகொண்டார்கள். திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று உதவி எண்கள் அறிவித்தார்கள்.

ஆனால் அதற்குள் பயம் பரவிவிட்டது. அது ஹோலிப் பண்டிகை சமயம். வழக்கமாகவே நிறையப் பேர் ஊருக்குப் போகிற நேரம். ரயிலில் கூட்டத்தைப் பார்த்ததும், "பாத்தியா, எல்லாரும் தப்பிச்சு ஓடுறாங்க" என்று அதையும் சேர்த்துப் பேசினார்கள்.

எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார்கள். காலையில் கம்பெனி வேனில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அம்மாவுக்குப் பக்கத்து டேபிளில் ஒரு பீகார் அக்கா வேலை செய்தார்களாம். மதியச் சோற்றுக்கு அம்மா கொடுக்கிற மாங்காய் ஊறுகாய் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் அந்த அக்கா செல்போனைக் காட்டிக் காட்டி அழுதார்களாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு இந்தி தெரியாது. "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்களாம். அந்த அக்கா அன்று ராத்திரியே பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். திரும்பி வரவேயில்லை.

அம்மா செய்கிற செக்கிங்

அம்மாவின் வேலை என்ன தெரியுமா? தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் லைட்டுக்கு அடியில் விரித்து, ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். ஒரு கெட்ட பீஸ் தப்பிப் போனால் கம்பெனிக்கே பேர் கெட்டுவிடும்.

ஊடகப் படிப்பில் சொல்லித் தருவதும் ஒருவகைச் செக்கிங்தான். ஒரு செய்தி கையில் வந்தால் முதலில் இப்படிக் கேட்க வேண்டுமாம்:

1. இதை எடுத்தது யார்? சொன்னது யார்?
2. எங்கே நடந்தது? எப்போது நடந்தது?
3. நேரில் பார்த்தவரிடம் கேட்டாச்சா? இரண்டு பக்கத்தாரிடமும் கேட்டாச்சா?
4. இது தப்பாக இருந்தால் யாருக்குப் பாதிப்பு?

அந்த வீடியோவை அனுப்பியவர்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தாலே போதும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுதானே!

எங்கே படிக்கலாம்?

நமக்குப் பக்கம் கோயம்புத்தூர். அங்கே பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஊடகவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கினார்கள். இந்தியாவில் கல்லூரி வளாகத்தில் வந்த முதல் சமுதாய வானொலி அதுதான்.

பட்டம் வாங்கினால்தான் முடியும் என்றும் இல்லை. இப்போது தெலங்கானாவில் இருக்கும் மாச்னூர் கிராமத்தில் 2008-ல் 'சங்கம் ரேடியோ' தொடங்கினார்கள். விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண்களே மைக் பிடித்து, விதை, மழை, வைத்தியம், பாட்டு என்று அவர்கள் பேச்சிலேயே நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆனாலும் நமக்குப் படிக்க வாய்ப்பு இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

வேலை கிடைக்குமா?

இதுதான் எங்க வீட்டிலும் கேட்ட கேள்வி. நிருபர், துணை ஆசிரியர், ரேடியோ அறிவிப்பாளர், ஒலிப்பதிவு, எடிட்டிங், விளம்பரம் என்று வேலைகள் இருக்கின்றன. அரசாங்கத்திலேயே செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கே துணியைப் போட்டோ எடுக்கவும் கேட்லாக் செய்யவும் ஆள் வேண்டும். நிருபர் வேலையில் ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, நேரம் காலம் கிடையாது என்றும் சார் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நல்லதை மட்டும் சொன்னால் அதுவும் செக்கிங் பண்ணாத செய்திதான்!

செலவுக்குப் பயப்படும் தோழிகளுக்கு: 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி 'புதுமைப்பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் திட்டம் இது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி மாணவிகளுக்கும் உண்டு. இதை வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பத்தாவது முடிந்ததும் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளைக்கு அது பாஷைல யாராச்சும் நெசத்தச் சொல்லீருந்தா போயிருக்காது கண்ணு" என்றார்கள். "அப்ப நான் படிக்கட்டுமாம்மா?" என்றேன். "மொதல்ல பத்தாவது பாஸ் பண்ணு. மாமங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்றார்கள். அது போதும் எனக்கு!

தோழர் தோழிகளே, அடுத்த இதழுக்கு நீங்களும் உங்கள் ஊர்ச் செய்தி ஒன்று எழுதித் தாருங்கள். தண்ணீர் வராதது, பஸ் நிற்காதது, எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு பேரிடமாவது கேட்டு எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் தப்பு ஏதாவது இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்த இதழில் என் கையாலேயே திருத்தி எழுதுகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி