நம்ம வீட்டுக்கு எந்த வேலி? கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு



குழுவில் கடன் கேட்கும்போது "வீட்டைச் சுத்தி காம்பவுண்ட் எழுப்பணும்" என்று இப்போது பலரும் சொல்கிறோம். ஆடு மாடு உள்ளே வருது, குளிக்க மறைவு இல்லை, ராத்திரியில் பயமா இருக்கு, பக்கத்து இடத்துக்காரர் எல்லையைத் தள்ளிப் போடுறார். இப்படிச் சொல்லும் காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் நாலு பக்கச் சுவர்தான் வழி என்பதில்லை. தேவை எதுவோ அதற்கு ஏற்ற வேலியைப் போட்டால் கடன் சுமை பாதியாகக் குறையலாம்.

முதல் வேலை எல்லை

வேலி போடும் முன் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா? சந்தேகம் என்றால் தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ விசாரித்து, கட்டணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது பக்கத்து இடத்துக்காரரும் உடன் இருக்கட்டும். அரை அடி தள்ளிக் கட்டிய சுவரை இடிக்க நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும், உறவும் கெடும். சுவர் என்றால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

3 சென்ட் வீட்டுக்கு எவ்வளவு பொருள்?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 30 அடிக்கு 44 அடி இடம் ஏறக்குறைய 3 சென்ட். சுற்றளவு 148 அடி. கேட்டுக்கு 8 அடி விட்டால் வேலி 140 அடி. இதற்கு வேண்டியது:

- உயிர்வேலி: அரை அடிக்கு ஒரு போத்து வீதம் 280 போத்து.
- முள்கம்பி: 7 அடிக்கு ஒரு கல்தூண் வீதம் சுமார் 21 தூண். 5 வரிசைக்கு 700 அடி கம்பி. முடிச்சுக்கும் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதல்.
- ஹாலோ பிளாக் சுவர், 5 அடி உயரம்: 700 சதுர அடி. 16 அங்குலத்துக்கு 8 அங்குலக் கல் என்றால் சுமார் 800 கல்.
- செங்கல் சுவர், 5 அடி உயரம், நாலரை அங்குல கனம்: சுமார் 3,800 செங்கல். 9 அங்குல கனம் என்றால் அதற்கு இரண்டு மடங்கு.

சுவர்க் கணக்கில் அஸ்திவாரம், தூண், சிமென்ட், மணல், கூலி எதுவும் சேரவில்லை. உங்கள் இடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இதே மாதிரி கணக்குப் போடுங்கள். பிறகு இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள்.

உயிர்வேலி

கொங்குப் பகுதியில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளுவை வேலிதான் காவல். மழை தொடங்கும் சமயம் போத்தை நட்டால் வேர் பிடிக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கல்யாண முருங்கை, ஒதியன், நொச்சி ஆகியவையும் போத்து நட்டாலே வரும். ஆடாதொடையை ஆடு கடிக்காது, கைவைத்தியத்துக்கும் ஆகும். அடர்ந்து வரும் வரை முள் வைத்துக் காப்பாற்ற வேண்டும், வருடம் ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். அவ்வளவுதான் செலவு.

சிலவற்றில் எச்சரிக்கை வேண்டும். காட்டாமணக்கு விதை விஷம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம். சீமைக் கருவேலையும் வேண்டாம். அதன் காயைத் தின்ற ஆடு மாட்டின் சாணத்தின் வழியே ஊர் முழுக்கப் பரவிவிடும்.

தட்டியும் படலும்

மூங்கில் படல், பனை மட்டை, தென்னங்கீற்றுத் தட்டி ஆகியவை மறைவுக்கு நல்லவை. குளிக்கும் இடத்துக்கு மட்டும் மறைவு போதும் என்றால் இதுவே போதும். மண்ணில் புதையும் கால் பகுதியைக் கரையான் அரிக்கும். அங்கே தார் பூசினால் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கம்பியும் வலையும்

கம்பியில் 'கேஜ்' என்று கேட்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 10 கேஜ் சுமார் 3.2 மில்லிமீட்டர், 12 கேஜ் சுமார் 2.6, 14 கேஜ் சுமார் 2. விலை மலிவு என்று கடைக்காரர் காட்டுவது மெல்லிய கம்பியாக இருக்கலாம். கேஜ் எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தூணை ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம் புதைக்க வேண்டும். மூலைத் தூணுக்கு இரு பக்கமும் முட்டுக்கல் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கம்பியை இழுத்துக் கட்டும்போதே சாயும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே உயிர்வேலியோ கல்லோ மேல்.

வலைவேலியில் இன்னொரு வசதியும் உண்டு. வெளியே யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருந்தே தெரியும். உயரமான சுவர் வந்தால் உள்ளே குதித்த திருடனையும் அது மறைத்துவிடும்.

சுவர் என்றால் கவனம்

2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஒரு வீட்டின் மதில் சுவர் பக்கத்துக் குடிசை வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு என்று எழுப்பும் சுவர் பலமில்லாமல் போனால் உயிரையே வாங்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையும் நம்ம பிள்ளைதான். ஆகவே:

1. அஸ்திவாரம் கெட்டி மண் வரை போகட்டும். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அங்கே விவரம் தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் சுவர் வேண்டாம்.
2. நாலரை அங்குலச் சுவரை அப்படியே நீளமாக இழுக்கக் கூடாது. 8 முதல் 10 அடிக்கு ஒரு தூண் வேண்டும்.
3. 5 அடி உயரம் போதும்.
4. மழைத்தண்ணீர் வெளியேற அடியில் துளைகள் விடுங்கள். சுவரின் ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள். ஈர மண் சுவரைத் தள்ளும்.
5. கட்டிய பின் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும்.

இரண்டு செங்கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மூணு அடி உயரத்தில் இருந்து போட்டால் உடையக் கூடாது. சிமென்ட் மூட்டையில் தேதி பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள்.

இப்போது ரெடிமேட் காம்பவுண்டும் கிடைக்கிறது. சிமென்ட் தூணின் பள்ளத்தில் பலகைகளைச் சொருகுவார்கள். பின்னால் கழற்றி மாற்றவும் முடியும். பலகைக்குள் கம்பி இருக்கிறதா, தூண் எவ்வளவு ஆழம் புதைகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் சுவர் சாய்ந்தோ வயிறு தள்ளியோ இருந்தால், மழைக்காலத்தில் அதன் பக்கத்தில் மாடு கட்டவோ பிள்ளைகளைப் படுக்க வைக்கவோ வேண்டாம்.

பன்றிக்குப் பயந்து வீட்டுக் கரண்டை வேலிக் கம்பியில் இணைப்பது சட்டப்படி குற்றம். வேலியைத் தொடுவது நம்ம வீட்டு மனுஷராகவும் இருக்கலாம்.

சேர்ந்து வாங்கினால் லாபம்

முன்பக்கம் மட்டும் சுவர், பின்பக்கமும் பக்கவாட்டும் கிளுவை வேலி, குளிக்கும் இடத்துக்குத் தட்டி என்று கலந்து போடலாம். 140 அடியில் 22 அடி மட்டும் சுவர் என்றால் கடனும் அந்த அளவுக்குத்தான். ஒழுகும் கூரையும் கழிப்பறையும் பாக்கி இருந்தால் அவற்றுக்குத்தான் முதல் இடம்.

பத்து குடும்பம் சேர்ந்து ஒரே கடையில் கல்தூணும் கம்பியும் வாங்கினால் விலையும் வண்டி வாடகையும் குறையும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் மூன்று விவரம் எழுதி வாருங்கள்: சுற்றளவு எத்தனை அடி, வேலி எதற்காக, மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும். கிளுவை இருக்கும் வீட்டுக்காரர் கவாத்து செய்யும்போது போத்தை எரிக்காமல் மற்ற உறுப்பினர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒரு வீட்டு வேலியில் இருந்து நாலு வீட்டு வேலி முளைக்கும்.