தர்மம் நூறு, கைக்கு வந்தது அறுபது!
காசா குடும்பங்கள் பட்ட பாடு

வீடு தரைமட்டம். வேலையும் போச்சு. மிஞ்சியது ஒரு செல்போன்தான். அதை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக உலகத்திடம் கையேந்தினார்கள் காசா மக்கள்.

காசாவின் நீளம் சுமார் 40 கிலோ மீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 21 லட்சம். 2023 அக்டோபரில் மூண்ட போரில் சுமார் 19 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். சில குடும்பங்கள் பத்துத் தடவைக்கு மேல் இடம் மாறின.

முன்பின் தெரியாதவர்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினார்கள். அது வங்கிக் கணக்கிலும் விழுந்தது. எடுப்பது எப்படி? பெரும்பாலான வங்கிகள் இடிந்தோ மூடியோ கிடந்தன. புது நோட்டு உள்ளே வருவதையும் இஸ்ரேல் நிறுத்திவிட்டது.

கமிஷன் கொள்ளை

ரொக்கம் வைத்திருந்த ஆசாமிகள் கமிஷன் கேட்டார்கள். கொஞ்சநஞ்சம் அல்ல. 2025-ம் ஆண்டு நடுவில் நூற்றுக்கு 40 வரை!

மீதி 60-ம் கந்தல் நோட்டு. கிழிசல் செல்லாது என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பதே சந்தையில் ஒரு தொழிலாகிவிட்டது!

இதற்கு என்னதான் வழி? செல்போன் கணக்கில் பணம் போட்டு, கடையிலும் செல்போனிலேயே கொடுக்கச் செய்வதுதான். "யுனிசெப்" நிறுவனம் பல குடும்பங்களுக்கு இப்படித்தான் பணம் கொடுத்தது. கமிஷன்காரருக்கு அங்கே வேலை இல்லை.

2025 அக்டோபர் 10-ந்தேதி போர் நிறுத்தம் வந்தது. அதனால் கூடாரம் வீடாகிவிடவில்லை.

நூறு கொடுக்கிற புண்ணியவான்கள், அந்த நூறும் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேருமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.