நான்கு பேர், மூன்று பரிசு

போக்கர் டோர்னமென்டில் முதன்முறையாக உட்காரப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தச் சீட்டு வந்தா ஆடலாம்?" நல்ல கேள்வி. டீ வரட்டும், அதற்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் மனசில் பதிய வேண்டும். டோர்னமென்டில் உங்கள் முன்னால் அடுக்கி வைத்திருக்கும் சிப், பணம் இல்லை.

கேஷ் கேமில் 1,000 ரூபாய் சிப்பைத் திருப்பிக் கொடுத்தால் 1,000 ரூபாய் கிடைக்கும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். டோர்னமென்டில் அது முடியாது. என்ட்ரி கட்டியதும் ஆளுக்கு இத்தனை என்று சமமாக சிப் கொடுப்பார்கள். தீர்ந்தால் வெளியே. பரிசு, எத்தனாவது ஆளாக வெளியேறினீர்கள் என்பதை வைத்துத்தான். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனா எடுத்துக்கொண்டால் நல்லது. கடைசியில் நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஆளுக்கு 2,500 சிப். பரிசு மூன்றே மூன்று: 5,000 ரூபாய், 3,000 ரூபாய், 2,000 ரூபாய். நான்காமவருக்கு ஒன்றும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு சிப், ஒரே அளவு திறமை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரின் பங்கும் இந்த நிமிஷத்தில் சராசரியாக 2,500 ரூபாய்.

இப்போது இரண்டு பேர் ஆல்-இன் போட்டு, அதாவது கையிலிருக்கும் சிப் முழுவதையும் வைத்து, மோதிக்கொள்கிறார்கள். ஜெயித்தவரிடம் 5,000 சிப். சிப் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பங்கும் 5,000 ரூபாய் ஆகிவிட்டதா? இல்லை. முதல் பரிசே 5,000தான், அதை அடிக்க அவருக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் பரிசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் பரிசுக்கு ஆறில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் சுமார் 3,833 ரூபாய் வரும். அதாவது ஜெயித்தால் கூடுவது 1,333, தோற்றால் போவது 2,500. இன்னொன்றையும் கவனியுங்கள்: சீட்டைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்த மற்ற இரண்டு பேரின் பங்கு, ஒன்றுமே செய்யாமல், ஆளுக்கு 3,083 ரூபாயாக ஏறிவிட்டது.

ஆட்டக்காரர்கள் இதை ஐ.சி.எம். கணக்கு என்பார்கள். இந்த இடத்தில் எதிராளியின் ஆல்-இன்னுக்குக் கால் சொல்ல (அதே அளவு சிப் வைத்து மோத) வேண்டுமென்றால் உங்களுக்கு 65 சதவீதத்துக்கு மேல் வெற்றி வாய்ப்பு இருக்க வேண்டும். ஏஸும் கிங்கும் கையில் வந்தால் புதியவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிடுவார். ஆனால் எதிராளி சீட்டையே பார்க்காமல் ஆல்-இன் போட்டிருந்தால்கூட ஏஸ்-கிங்குக்கு வாய்ப்பு 65 சதவீதத்தை ஒட்டித்தான். அவரிடம் ஜோடி குயின் இருந்தால் 50-ஐக்கூடத் தொடாது. பரிசுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் இந்தக் கட்டத்துக்குப் பபிள் என்று பெயர். எத்தனையோ பேர் நாள் முழுக்கப் பொறுமையாக ஆடிவிட்டு இங்கேதான் விழுகிறார்கள்.

அதற்காகப் பபிளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே கணக்கு எதிராளிக்கும் உண்டு, அவரும் பயப்பட வேண்டும். முதலில் ஆல்-இன் சொல்பவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம் (ஃபோல்டு), அல்லது சீட்டு கைகொடுக்கலாம். கால் சொல்பவருக்குச் சீட்டு ஒன்றுதான் துணை. முந்திக்கொண்டு அடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும், கால் சொல்வதற்கு மிக நல்ல சீட்டு வேண்டும். ஆரம்பக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்து பிளைண்ட். ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டுப் பார்க்கும் முன்பே கட்ட வேண்டிய கட்டாயத் தொகை; சின்ன பிளைண்ட் ஒன்று, பெரிய பிளைண்ட் ஒன்று. இது பெங்களூரு வீட்டு வாடகை மாதிரி: இருந்தாலும் கட்ட வேண்டும், ஊருக்குப் போயிருந்தாலும் கட்ட வேண்டும், ஏறிக்கொண்டே போகும். அதனால் கையில் 10,000 சிப் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை பெரிய பிளைண்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிளைண்ட் 50/100 என்றால் உங்களிடம் 100 பிளைண்ட், நிதானமாக ஆடலாம். மூன்று மணி நேரம் கழித்து 500/1,000 ஆகி, ஆன்ட்டி என்ற கூடுதல் கட்டாயத் தொகை 1,000 சேர்ந்தால், அதே 10,000 வெறும் 10 பிளைண்ட். ஒரு சுற்று சும்மா இருந்தால் 2,500 போய்விடும்; நாலே சுற்றில் கை காலி. இந்த நிலையில் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. ஒன்று ஆல்-இன், இல்லாவிட்டால் ஃபோல்டு. எல்லாரும் ஒதுங்கினால் நடுவில் கிடக்கும் 2,500 உங்களுக்கு. ஒரே கையில் சிப் கால் பங்கு கூடிவிடும்.

சரி, எந்தச் சீட்டு ஆடலாம்? அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒன்பது பேர் மேஜையில் முதலில் பேச வேண்டியவராக இருந்தால் பெரிய ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் போதும். பட்டன் என்ற டீலர் இடத்தில் இருந்தால், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்பதால், இன்னும் நிறைய ஆடலாம். கிங்கும் நாலும், ஆனால் ரெண்டும் ஆர்ட்டின் என்று ஆசைப்பட்டு உள்ளே போகாதீர்கள். கையில் ஒரே இனத்தில் இரண்டு சீட்டு இருந்து, ஐந்து பொதுச் சீட்டும் விழுந்து முடிந்தாலும் அதில் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) சேர்வது 100-க்கு 6 தடவைதான்.

இவ்வளவு கணக்கு இருப்பதால்தான் நீதிமன்றத்தில் இது திறமையா சூதா என்ற வழக்கு ஓயவே இல்லை. 2013-ல் இந்தியன் போக்கர் அசோசியேஷன் தொடுத்த வழக்கில், திறமை ஆட்டமாக ஆடப்படும்போது போக்கருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. பெங்களூருவில் போக்கர் அறைகள் தைரியமாக நடந்ததற்கு அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். 2021-ல் மாநில அரசு கொண்டுவந்த ஆன்லைன் தடையை 2022 பிப்ரவரி 14 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. பெங்களூருவின் எம்.பி.எல். உட்படப் பல நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. யாராவது ஆப் லிங்க் அனுப்பி, இதில் பணம் போட்டு ஆடலாம் என்று சொன்னால் தொடாதீர்கள்.

பெங்களூருக்காரர் சந்தோஷ் சுவர்ணா 2024-ல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரில் 54 லட்சம் டாலருக்கு மேல் வென்றார். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த ஆட்டத்துக்கு என்ட்ரி மட்டும் 2,50,000 டாலர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். சாதாரண டோர்னமென்டில் 100 பேர் ஆடினால் பரிசு கிடைப்பது ஏறக்குறைய 15 பேருக்கு. நன்றாக ஆடுகிறவரே தொடர்ந்து பல முறை வெறுங்கையோடு வருவார். ஜெயித்தாலும் 30 சதவீதம் வரி. முன்பு தோற்றதை அதில் கழித்துக்கொள்ள முடியாது. கடன் வாங்கி ஆடியவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டைத் தமிழ்நாடு ஆன்லைன் ரம்மியில் பார்த்துவிட்டது. அந்தத் துயரத்தால்தான் அதை ஆராய நீதிபதி சந்துரு குழுவும், ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022 சட்டமும் வந்தன.

அதனால் பணமே வைக்காமல் வீட்டில் தொடங்குங்கள். ஒன்பது பேர், ஆளுக்கு 5,000 சிப், பிளைண்ட் 25/50-ல் ஆரம்பம், போனில் 15 நிமிஷ அலாரம், ஒவ்வொரு அலாரத்துக்கும் பிளைண்ட் ஏற்றம். மூன்று மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். முதலில் வெளியே போகிறவர் டீ போடட்டும், நான்கு பேர் மிஞ்சியிருக்கும்போது வெளியே போகிறவர் தன் கடைசிக் கையை நோட்டில் எழுதி வைக்கட்டும். பத்து ஆட்டம் ஆடிவிட்டு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.