கல்லில் செதுக்கிய கைவைத்தியம்

பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போகிறவர்கள், 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் புத்தரைப் பார்த்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். அட, கொஞ்சம் நில்லுங்கள்! தாய் மசாஜின் பாடப்புத்தகமே அந்த வளாகத்து மண்டபச் சுவரில்தான் இருக்கிறது. மனித உடலை முன்னும் பின்னுமாக வரைந்து, எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று கோடிழுத்துக் காட்டும் 60 கற்பலகைகள்! மூன்றாம் ராமா மன்னர் 1830களில் கோயிலைப் புதுப்பித்தபோது பதித்தவை. வெளியே செயற்கைக் குன்றுகளில் முனிவர் சிலைகள் கையை முறுக்கி, காலை மடக்கி, உடம்பை வளைத்துக் காட்டுகின்றன. எதைப் பார்ப்பது, எதை விடுவது!

கோயிலைச் சார்ந்த பயிற்சிப் பள்ளி 1955இல் தொடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் வரிசையாக மெத்தைகள். எண்ணெய் கிடையாது, உடையும் களைவதில்லை. மாணவர்கள் மாறி மாறி ஒருவருக்கொருவர் நோயாளி ஆகிறார்கள். முதலில் கைகூப்பி வணக்கம்: புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர்தான் இவர்களின் ஆதிகுரு. பிறகு பாதத்திலிருந்து தொடங்குகிறது வேலை. உள்ளங்கை, கட்டைவிரல், மறுபடி உள்ளங்கை. பலம் விரலில் இல்லை என்பதுதான் நான் சொக்கிப்போன ரகசியம்! முழங்கையை மடக்காமல் உடம்பை மெல்ல முன்னே சாய்க்கிறார்கள். பாரம் தானாக இறங்குகிறது. அரண்மனை மரபில் கையைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. ஊர்மக்கள் மரபிலோ முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் வேலை செய்யும்.

அழுத்துவது தசையை மட்டுமல்ல, 'சென்' என்னும் தடங்களை. முக்கியமானவை பத்து, எல்லாம் தொப்புளைச் சுற்றித் தொடங்குபவை. அவற்றில் ஓடும் காற்று தடைப்பட்டால் வலி என்பது அவர்கள் கணக்கு. இதா, பிங்கலா என்ற பெயர்களைக் கேட்டதும் சித்தர் நூல் படித்தவர்களுக்கு இடகலையும் பிங்கலையும் நினைவுக்கு வரும். உடலை அறுத்துப் பார்த்தால் இந்தத் தடங்கள் அகப்படாது. ஆனால் வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், உடம்பையும் மூச்சையும் மனதையும் ஒன்றாகப் பார்க்கும் அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காய்ச்சலோடு வருபவரை அழுத்தாமல் திருப்பி அனுப்புவதும் இந்த வைத்தியத்தில் சேர்த்தி. யுனெஸ்கோ 2019இல் இதை மனிதகுல மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம் அந்த மூலிகை வாசம்! பிளாய் என்ற இஞ்சி வகை, மஞ்சள், எலுமிச்சைப்புல், புளியந்தழை, கற்பூரம், உப்பு எல்லாம் துணியில் இறுகக் கட்டப்பட்டு ஆவியில் வேகின்றன. நம்மூர்க் கிழி ஒத்தடத்துக்கு நெருங்கிய சொந்தம். போனால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்!