மீனம்பாக்கம் வழியே வெளிநாடு செல்லும் காய்கறி

ஐயங்கார்குளத்தில் ஏரிக்கரையை ஒட்டி நடந்த விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, தினமும் தலைக்கு மேலே விமானம் போகுது. நம்ம பாகற்காயும் அதுல போகும்னு ஒரு தரகர் சொல்றாரு. அரை ஏக்கருக்குக் கல்தூண் நட்டுப் பந்தல் போடச் சொல்றாரு. கடன் வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடக் கூடிய பதில் அல்ல இது. விமான நிலையத்தில் சரக்கு எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே கடனைப் பற்றி யோசிக்க வேண்டும். எனவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

சென்னைக்கு விமானம் முதலில் கொண்டு வந்தது ஆட்களை அல்ல, தபாலைத்தான். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து டாடா நிறுவனத்தின் தபால் விமானம் கிளம்பியது. ஜே.ஆர்.டி. டாடா அதைப் பம்பாய் வரை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தார். மீனம்பாக்கத்தில் பயணிகளுக்கான கட்டடம் 1954இல் எழுந்தது. 1985இல் உள்நாட்டு முனையமும் 1989இல் பன்னாட்டு முனையமும் திரிசூலம் பக்கம் வந்துவிட, பழைய மீனம்பாக்கம் பக்கம் சரக்குக்கு என்று ஆனது. 2023இல் திறக்கப்பட்ட புதிய முனையத்தின் அழகைப் பலரும் புகைப்படத்தில் கண்டிருப்பீர்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல. 1978இல் தொடங்கப்பட்ட சரக்கு வளாகமே.

நம் காய்கறிக்கென்று தனி விமானம் பறப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில், பெட்டி படுக்கைகளுக்குப் பக்கத்தில்தான் நம் காய்கறி பயணம் செய்கிறது. பயணிகள் விமானம் நின்றால் காய்கறியும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாக வழக்கமான வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன; அவை முழு அளவில் மீண்டும் தொடங்க 2022 மார்ச் ஆயிற்று. அந்தக் காலத்தில் விமானத்தில் இடம் கிடைப்பது அரிதாகி, கட்டணமும் ஏறியது. இதையே நம்பிப் பயிர் செய்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கட்டணம். விமானத்தில் எடைக்கு மட்டும் கூலி இல்லை. பெட்டி அடைக்கும் இடத்துக்கும் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுக்க வேண்டும். வரும் எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60க்கு 40க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். பெருக்கினால் 72,000; வகுத்தால் 12 கிலோ. அந்தப் பெட்டியில் கறிவேப்பிலை 5 கிலோதான் பிடிக்கிறது என்றால் 12 கிலோவுக்குக் கூலி கொடுக்க நேரும். அதே பெட்டியில் கனமான காய் 12 கிலோவுக்குமேல் பிடித்தால் இந்த நஷ்டம் இல்லை. கீரையும் பூவும் விமானத்தில் போகலாம்; ஆனால் விற்கும் விலை இந்தக் கூலியைத் தாங்க வேண்டும். தரகர் சொல்லும் விலை எந்த இடத்தில் கிடைக்கும் விலை என்று கேட்டுக் கொள்ளுங்கள். துபாய்க் கடையின் விலை வேறு, தோட்டத்து வரப்பில் கையில் விழும் விலை வேறு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மீனம்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில், மத்திய அரசின் பயிர்த் தொற்றுத் தடுப்பு நிலையம் உள்ளது. அங்கே வழங்கப்படும் பயிர்நலச் சான்று பெற்ற பிறகே காய்கறி நாட்டைவிட்டுச் செல்ல முடியும். பாகற்காய்க்கு இங்கே எமனாக வருவது பழ ஈ. இளம் பிஞ்சின் தோலைக் குத்தி ஈ முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளரும். பறிக்கும்போது வெளியில் ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும். பெட்டியைத் திறக்கும்போது லண்டனில் புழு நெளியும்.

இது கற்பனை அல்ல. 2014 மே முதல் நாளிலிருந்து ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றை வாங்குவதையே நிறுத்தியது. காரணம், வந்து சேர்ந்த சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் திரும்பத் திரும்பக் காணப்பட்டதே. மாம்பழத்துக்கு 2015இல் தடை நீங்கியது. காய்கறிகளுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. யாரோ சிலர் கவனிக்காமல் அனுப்பிய பெட்டிகளுக்காக நாடு முழுவதும் இருந்த விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள்.

ஆகவே பாகல் பயிரிடுவோர் பூக்கும் பருவத்திலேயே க்யூலூர் எனப்படும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்குப் பத்து வீதம் பந்தலில் கட்டித் தொங்கவிட வேண்டும். புழு விழுந்த காய்களைப் பந்தலுக்கு அடியிலேயே போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது ஈக்கு நாமே வைக்கும் விருந்து. அவற்றை அன்றாடம் பொறுக்கி ஆழமாகக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். புழு மண்ணுக்குள் சென்றே கூட்டுப்புழுவாக மாறுவதால், அடிமண்ணை அவ்வப்போது கொத்திவிடுவதும் பலன் தரும். மருந்து தெளித்தால் அதன் சீட்டில் எழுதியுள்ள இடைவெளி நாள்கள் கழிந்த பிறகே காயைப் பறியுங்கள். மருந்தின் எச்சம் இருந்தாலும் சரக்கு திருப்பி அனுப்பப்படும், அல்லது அங்கேயே அழிக்கப்படும். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காயை விடியற்காலையில் பறித்து நிழலில் ஆறவிட வேண்டும். பாகல், கத்தரி ஆகியவற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி போதும். அதற்கும் கீழே வெகுநேரம் வைத்தால் தோலில் குழி விழுந்து அழுகும். சரக்கு வளாகத்தில் குளிர் அறைகள் உள்ளன. ஆனால் இங்கிருந்து அங்கே செல்லும் இரண்டு மணி நேரமும், பிறகு ஓடுதளத்தின் அருகே வெயிலில் காத்திருக்கும் நேரமும்தான் காயைக் கெடுக்கின்றன. தார்ப்பாய் மூடிய லாரி காய்கறிக்கு அடுப்பு என்றே சொல்லலாம்.

கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. "பரந்தூரில் விமான நிலையம் வந்தால் பக்கத்திலேயே ஏற்றலாமே?" 2022இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு 2025இல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், பதின்மூன்று கிராமங்களில் நிலம் குறிக்கப்பட்டுள்ளது. அதில் நன்செய்யும் ஏரிகளும் அடங்கும். ஏகனாபுரம் விவசாயிகள் அறிவிப்பு வந்த நாள் முதல் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். நீர்ப்போக்கை ஆராய அரசு நிபுணர் குழு அமைத்தது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலமாகவே நீண்டு செல்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு பெருகியபோது விமான நிலையம் நீரில் மூழ்கிச் சில நாள்கள் மூடிக் கிடந்தது. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் நம் மாவட்டத்தில், ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும் என்பதை நிலத்தை அளப்பவர்கள் முதலில் உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எதிரே நீர் பரந்து கிடக்கும் ஏரியைப் பார்த்துக் கொண்டே இதைச் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை.

கடனைப் பற்றிக் கேட்ட பெரியவருக்கு நான் கூறியது இது. முதலில் பத்து சென்டில் மூங்கில் கழியால் பந்தல் போட்டு, பொறி வைத்து, காய்களைக் காஞ்சிபுரம் சந்தையில் விற்றுப் பாருங்கள். நூறு காய் பறித்தால் எத்தனையில் புழு என்று நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை இரண்டு மூன்றுக்குள் இறங்காதவரை விமானத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இறங்கிய பிறகு, தனியாக அல்ல, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, பதிவு பெற்ற சிப்பம் கட்டும் நிலையத்துக்குச் சரக்கு கொடுங்கள். விலையையும் பணம் தரும் நாளையும் எழுத்தில் வாங்குங்கள். தரகர் எழுத்தில் தர மறுத்தால் கல்தூணுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பொறிகள் வாங்கும் விவரத்தை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ கேட்டு அறியலாம்.